2147483647: ஒரு பெரிய பகா எண்ணை நோட்டில் பிரித்துப் பார்க்க முழுமையான வழிகாட்டி

பெங்களூரில் மென்பொருள் வேலை பார்க்கிற நம் ஆட்களில் பெரும்பாலோர் இந்த எண்ணை எங்கேயாவது பார்த்திருப்பார்கள். குறியோடு கூடிய 32 பிட் முழு எண்ணில் அடங்கும் மிகப் பெரிய மதிப்பு இது. இன்னும் ஒன்றைக் கூட்டினால் பல கணினிகளில் விடை கவிழ்ந்து எதிர்மறைக்குப் போய்விடும். நிரலில் வரும் தொல்லையாக இதை அறிந்தவர்கள் அதிகம். பகா எண்ணாக அறிந்தவர்கள் குறைவு.

அல்சூரில் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா மகளும் அவளோடு பியூசி படிக்கும் சில பிள்ளைகளும் கணக்கு நோட்டோடு உட்கார்வது வழக்கம். அவர்களுக்காக நான் போட்டுக்கொடுத்த வரிசையைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். பத்தாம் வகுப்புக் கணக்கு மறக்காமல் இருந்தால் போதும்.

எதற்கு இந்த எண்? 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட, அதுவரை அறிந்தவற்றில் மிகப் பெரிய பகா எண்ணுக்கு 4,10,24,320 இலக்கங்கள். 2-ஐ 13,62,79,841 தடவை பெருக்கி ஒன்றைக் கழித்தால் கிடைப்பது அது. வாயைப் பிளந்து பார்க்கலாம், ஆனால் அதைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. 2147483647-க்குப் பத்தே இலக்கம். கீழே வரும் கணக்குகளில் பெரும்பாலானவற்றை நீங்களே போட்டுச் சரிபார்க்கலாம். அதோடு மெர்சென் பகா எண்களுக்கு (2-இன் ஒரு படியிலிருந்து 1-ஐக் கழித்தால் கிடைக்கும் பகா எண்கள்) உரிய குணங்கள் எல்லாம் இதிலேயே இருக்கின்றன.

தேவையானவை: நோட்டு, பேனா, பைத்தான் உள்ள கணினி. எக்செல்லை நம்பாதீர்கள். அது 15 இலக்கங்களுக்கு மேல் துல்லியமாக வைத்துக்கொள்ளாது, நமக்கோ 19 இலக்கமும் அதற்கு மேலும் தேவைப்படும். பைத்தானில் அந்தக் கவலை இல்லை.

படி 1: எண்ணை எழுதிப் பாருங்கள்

நம் முறையில் காற்புள்ளி வைத்தால் 2,14,74,83,647. அதாவது இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு லட்சத்து எண்பத்து மூன்றாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு.

இரும முறையில் எழுதினால் வரிசையாக 31 ஒன்றுகள், நடுவில் ஒரு பூஜ்யம்கூட இல்லை. ஏனென்றால் இது 2³¹ − 1. இந்த வடிவத்தில் வரும் பகா எண்களைத்தான் மெர்சென் பகா எண்கள் என்கிறோம். 3, 7, 31, 127, 8191, 131071, 524287 என்று போகும் வரிசையில் இது எட்டாவது.

பள்ளிச் சோதனைகளை முடித்துவிடுவோம். கடைசி இலக்கம் 7, ஆகவே 2-ஆலும் 5-ஆலும் வகுபடாது. இலக்கங்களின் கூட்டல் 46, ஆகவே 3-ஆலும் 9-ஆலும் வகுபடாது. 11-க்கு ஒன்றுவிட்டு ஒன்று கூட்டிக் கழித்தால் 12 வரும், மீதி 1. இதற்கு மேல் இந்த வழியில் போவதில் பயனில்லை.

படி 2: ஒரே ஒரு விதியை மனத்தில் வையுங்கள்

நம் எண்ணை இனி ப என்று அழைப்போம். ப = 2³¹ − 1 என்பதால், 2³¹-ஐ ப-ஆல் வகுத்தால் மீதி 1. மட்டு எண்கணித வழக்கில் 2³¹ ≡ 1 (≡ என்றால், இருபுறத்தையும் ப-ஆல் வகுத்தால் ஒரே மீதி வரும் என்று பொருள்). இந்த எண்ணின் குணங்களில் முக்கால்வாசி இந்த ஒரு வரியிலிருந்தே வருகின்றன, அதனால் இங்கே கொஞ்சம் நில்லுங்கள்.

9-ஆல் வகுக்கும்போது ஏன் இலக்கங்களைக் கூட்டுகிறோம்? 10-ஐ 9-ஆல் வகுத்தால் மீதி 1 என்பதால்தான். இங்கேயும் அதே கதை, 10-க்குப் பதில் 2³¹. ஆகவே எவ்வளவு பெரிய எண்ணையும் ப-ஆல் வகுத்து மீதி காண, உண்மையில் ப-ஆல் வகுக்கவே வேண்டாம். 2³¹-ஆல் வகுத்து, ஈவையும் மீதியையும் கூட்டுங்கள். கூட்டல் ப-ஐத் தாண்டினால் அதையே திரும்பச் செய்யுங்கள். சரியாக ப வந்து நின்றால் மீதி 0.

ஒன்று போட்டுப் பார்ப்போம். 7-இன் 15-ஆவது படி 4747561509943. இதை 2147483648-ஆல் வகுத்தால் ஈவு 2210, மீதி 1622647863. கூட்டினால் 1622650073. அவ்வளவுதான். கணினிக்கு 2³¹-ஆல் வகுப்பது என்பது பிட்டுகளை வலப்புறம் தள்ளுவது மட்டுமே, வகுத்தல் என்ற செலவான வேலையே கிடையாது. 1622650073-ஐக் குறித்து வையுங்கள், பிறகு தேவைப்படும்.

இதே விதியிலிருந்து இன்னொன்று. 2³² ≡ 2. ஆனால் 2³² என்பது 65536-இன் வர்க்கம். அப்படியானால் ப-இன் உலகத்தில், அதாவது ப-ஆல் வகுத்த மீதிகளை மட்டும் பார்க்கும்போது, 2-க்கு வர்க்கமூலம் உண்டு, அது 65536. நம் 1.41421 போல முடிவில்லாமல் ஓடாத, ஐந்து இலக்க முழு எண். எனக்கு இந்த எண்ணில் மிகவும் பிடித்த குணம் இதுதான். இதுவும் கீழே இரண்டு இடத்தில் தலைகாட்டும்.

படி 3: ஆய்லர் போன வழியில் பகா எண் என்று நிறுவுதல்

வகுத்துப் பார்ப்பதென்றால் ப-இன் வர்க்கமூலம் வரை போக வேண்டும். அது 46340-க்கும் 46341-க்கும் இடையில் இருக்கிறது. 46340 வரை 4792 பகா எண்கள். கையால் 4792 வகுத்தல் யாராலும் ஆகாது.

1772-இல் கணிதர் ஆய்லர் செய்தது இந்தப் பட்டியலைச் சுருக்குவது. க என்ற ஒரு பகா எண் நம் ப-ஐ வகுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது க-ஆல் வகுத்தாலும் 2³¹-க்கு மீதி 1. 31 பகா எண் என்பதால், 2-இன் படிகளில் முதன்முதலாக மீதி 1 வருவது 31-ஆவது இடத்தில்தான். அதே நேரம் ஃபெர்மாவின் சிறு தேற்றப்படி, 2-இன் (க − 1)-ஆவது படிக்கும் மீதி 1. ஆகவே க − 1 என்பது 31-இன் மடங்கு. க ஒற்றைப்படை என்பதால் 62-இன் மடங்கு. காரணி ஒன்று இருந்தால் அது 62-இன் ஏதோ ஒரு மடங்கோடு 1 கூட்டியதாகத்தான் இருக்க முடியும்.

இரண்டாவது சல்லடைக்கு 65536 உதவுகிறது. க-இன் உலகத்திலும் 2³² ≡ 2, அதாவது 2 ஒரு வர்க்கம். 2 வர்க்கமாக இருக்கும் பகா எண்கள் எல்லாம் 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 தருபவை. இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்தால், க-ஐ 248-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 63. வேறு எதுவும் கூடாது.

இனி எண்ணுங்கள். மீதி 1 தருபவை 249, 497, 745 என்று 46340-க்குள் 186. மீதி 63 தருபவை 63, 311, 559 என்று 187. மொத்தம் 373. இவற்றிலும் பெரும்பாலானவை பகு எண்கள், பார்த்ததும் அடித்துவிடலாம்: 63, 249, 497, 559, 745, 807, 993, 1055, 1241 எல்லாம் போயிற்று. தொடக்கத்தில் மிஞ்சும் பகா எண்கள் 311, 1303, 1489. வகுத்துப் பாருங்கள்: 311-க்கு மீதி 35, 1303-க்கு 226, 1489-க்கு 199. இப்படியே 46340 வரை போனால் எதுவும் சுத்தமாக வகுக்காது. ப பகா எண் என்பது நிறுவப்பட்டது.

பிள்ளைகளிடம் இதைப் பங்குபோட்டுக் கொடுத்தால் ஒரு காலைப்பொழுதுக்குச் சரியாக இருக்கும். கணினியில் போட்டால் கண் இமைப்பதற்குள் முடியும், ஆனால் முதல் தடவை நோட்டில் போடுவதையே நான் சொல்வேன். 4792 எப்படி 373-க்கும் கீழே வந்தது என்பது கைவலித்தால்தான் உறைக்கும்.

இதற்கு முன் மிகப் பெரியதாக இருந்த பகா எண்ணும் ஆய்லருடையதே. 2³² + 1 பகா எண் என்று ஃபெர்மா நினைத்திருந்தார். 1732-இல் ஆய்லர் அதை 641 × 6700417 என்று உடைத்துக் காட்டினார். அந்த 6700417-ஐ முந்திய நம் எண், 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அறிந்தவற்றில் மிகப் பெரிய பகா எண்ணாக இருந்தது. பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலேயக் கணிதர் 1811-இல், இதிலிருந்து கிடைக்கும் நிறைவெண்ணை (என்னவென்று படி 8-இல் வரும்) தாண்டி யாரும் தேடப்போவதில்லை, பயனில்லாத வேலை என்று எழுதிவைத்தார்.

படி 4: ஃபெர்மா சோதனை, அதில் இருக்கும் குழி

ப பகா எண் என்றால், ப வகுக்காத எந்த எண்ணையும் (ப − 1)-ஆவது படிக்கு உயர்த்தினால் மீதி 1 வர வேண்டும். பைத்தானின் பவ் (pow) என்ற செயற்கூறுக்கு மூன்று எண்கள் கொடுக்கலாம்: அடி, படி, வகுக்கும் எண். 3, 2147483646, 2147483647 என்று கொடுங்கள். உடனே 1 வரும்.

"2-ஐயே அடியா வச்சுக்கலாமே மாமா? அது இன்னும் ஈஸியாச்சே" என்று கேட்டாள் அக்கா மகள்.

"2047-க்குப் போட்டுப் பாரு" என்றேன்.

2047 என்பது 2¹¹ − 1. அது 23 × 89, பகு எண். ஆனால் 2-ஐ 2046-ஆவது படிக்கு உயர்த்தினால் மீதி 1 வருகிறது, சோதனையில் தேறிவிடுகிறது! காரணம் நம் விதிதான். 2¹¹ ≡ 1. 2046 என்பது 11-இன் மடங்கு. அப்புறம் 1 வராமல் என்ன செய்யும்? 2-க்கு மேலே வைக்கும் படி ஒரு பகா எண்ணாக இருந்தால், அந்த மெர்சென் எண் பகா எண்ணோ பகு எண்ணோ, அடி 2-ஐக் கொண்ட சோதனையில் எப்போதும் தேறும். ஆகவே இந்தக் குடும்பத்து எண்களுக்கு அடி 2 வைத்துச் சோதிப்பது வீண். 3 வைத்தால் 2047 மாட்டிக்கொள்கிறது, மீதி 1013.

3 வைத்துத் தேறினாலும் அது நிரூபணம் ஆகாது, நல்ல அறிகுறி மட்டுமே. நிரூபணம் அடுத்த படியில்.

படி 5: லூக்கா–லெமர் சோதனை

19-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணிதர் லூக்கா தொடங்கி, 20-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கணிதர் லெமர் செப்பனிட்ட முறை. மெர்சென் எண்களுக்கு மட்டும் பொருந்தும், ஆனால் ஐயத்துக்கே இடமில்லாத தீர்ப்பு தரும்.

4-இல் தொடங்குங்கள். வர்க்கமாக்கி 2-ஐக் கழித்து மீதி எடுங்கள். அதையே திரும்பத் திரும்பச் செய்யுங்கள். 2-இன் படியைவிட இரண்டு குறைவான தடவைகள் செய்த பிறகு 0 வந்தால் பகா எண், வராவிட்டால் பகு எண்.

முதலில் 127-இல் பழகுங்கள். அது 2⁷ − 1, ஆகவே ஐந்து தடவை. 4, 14, 67, 42, 111, 0. பகா எண். பிறகு 2047, ஒன்பது தடவை: 4, 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736. கடைசியில் 0 வரவில்லை, பகு எண். கவனியுங்கள், 23-ஐயும் 89-ஐயும் கண்டுபிடிக்காமலேயே பகு எண் என்று தெரிந்துவிட்டது.

இப்போது நம் எண், 29 தடவை. 4, 14, 194, 37634, 1416317954 வரை மீதி எடுக்கத் தேவையே வராது. அடுத்தது 669670838. இங்கிருந்து எண்கள் கன்னாபின்னா என்று குதிக்கும், எந்த ஒழுங்கும் தென்படாது. இருபத்தேழாவது தடவையில் 1181536708. இருபத்தெட்டாவதில் 65536. அடுத்தது 0.

65536 மறுபடி எங்கிருந்து வந்தது? கடைசியில் 0 வர வேண்டுமானால் அதற்கு முந்தைய எண்ணின் வர்க்கம் 2-ஆக இருக்க வேண்டும். 2-இன் வர்க்கமூலம் 65536 என்று முன்பே கண்டோம், மற்றொன்று ப − 65536. இரண்டில் ஒன்றுதான் அங்கே நிற்க முடியும்.

லூக்கா 1876-இல் 39 இலக்கங்கள் கொண்ட 2¹²⁷ − 1 பகா எண் என்று நிறுவியது இந்தச் சிந்தனையின் தொடக்க வடிவத்தைக் கொண்டுதான். 2024-இல் வந்த எண்ணையும் கடைசியில் இதே சோதனை வைத்துத்தான் உறுதிசெய்தார்கள்.

எந்த எண்ணாக இருந்தாலும் பொருந்தும் முறை ஒன்றும் உண்டு. 2002-இல் கான்பூர் ஐஐடியின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயல், நிதின் சக்சேனா மூவரும் கண்டுபிடித்தது. கயல் பின்னர் நம் பெங்களூர் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்துக்கு வந்தார். தேற்றமாக அது பெரிய சாதனை, 2006-இல் கோடல் பரிசு பெற்றது. ஆனால் நடைமுறையில் பகா எண் வேட்டைக்கு அதை யாரும் எடுப்பதில்லை, மெதுவாக ஓடும்.

படி 6: அக்கம்பக்கத்தைப் பாருங்கள்

2-இலிருந்து வரிசையாக எண்ணிக்கொண்டு வந்தால் இது 10,50,97,565-ஆவது பகா எண். இதற்கு முந்தைய பகா எண் 2147483629, அடுத்தது 2147483659. இடைவெளிகள் 18, 12. இந்த உயரத்தில் சராசரி இடைவெளி ஏறத்தாழ 21, ஆகவே கொஞ்சம் நெருக்கமான தெருதான். இரட்டைப் பகா எண் இல்லை: இரண்டு குறைத்தால் 5-ஆல் வகுபடும், இரண்டு கூட்டினால் 3-ஆல் வகுபடும்.

ப + 1 வெறும் 2-இன் படி. ப − 1 அதைவிடச் சுவையானது. 2-ஐ வெளியே எடுத்தால் 2³⁰ − 1. அது (2¹⁵ − 1) × (2¹⁵ + 1), அதாவது 32767 × 32769. முதலாவது 7 × 31 × 151. இரண்டாவது 9 × 11 × 331. ஆக, ப − 1 = 2 × 3² × 7 × 11 × 31 × 151 × 331. எல்லாம் பொடிப்பொடிக் காரணிகள். இரகசியக் குறியீட்டுக்கு இது ஆகாது என்பதற்கு எண் சிறியது என்பது மட்டும் காரணமில்லை. ப − 1 இப்படிச் சிதறினால், சில குறியீடுகள் நம்பியிருக்கும் மடக்கைக் கணக்கையும் (எந்தப் படிக்கு உயர்த்தினால் இந்த மீதி வரும் என்று தேடுவது) துண்டுதுண்டாக உடைத்துவிடலாம்.

4-ஆல் வகுத்தால் மீதி 3. ஆகவே இதை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுதவே முடியாது. முந்தைய சாதனை எண் 6700417-க்கு மீதி 1, அதை எழுதலாம்: 409² + 2556². கூட்டிப் பாருங்கள்.

படி 7: 7 என்ற சாவி

2-இன் படிகள் 31 அடியில் 1-க்குத் திரும்பிவிடும். 7 அப்படியில்லை. 7, 49, 343 என்று பெருக்கிக்கொண்டே போனால், 1 முதல் 2147483646 வரை உள்ள எல்லா எண்களையும் ஒவ்வொரு தடவை தொட்ட பிறகுதான் 1-க்குத் திரும்பும். இப்படிப்பட்ட எண்ணை முதன்மை மூலம் என்பார்கள். ப-க்கு மிகச் சிறிய முதன்மை மூலம் 7.

சரிபார்க்க 214 கோடி தடவை பெருக்க வேண்டாம். ப − 1-இன் பகாக் காரணிகள் ஏழும் தெரியுமல்லவா? ஒவ்வொன்றாலும் ப − 1-ஐ வகுத்து, அந்தப் படிக்கு 7-ஐ உயர்த்துங்கள். எதிலும் 1 வரக்கூடாது, முழுப் படிக்கு மட்டும் 1 வர வேண்டும். ஏழும் தேறினால் 7 முதன்மை மூலம் என்பதோடு ப பகா எண் என்பதும் மறுபடி நிறுவப்படுகிறது. ஒரே சோதனையில் இரண்டு விடை.

கணினியில் தற்செயல் எண்கள் உண்டாக்க இதைப் பயன்படுத்தினார்கள். 7-இன் ஐந்தாம் படி 16807. 5 என்பது ப − 1-ஐ வகுக்காததால் 16807-உம் முதன்மை மூலமே. கையில் உள்ள எண்ணை 16807-ஆல் பெருக்கி ப-ஆல் வகுத்த மீதியை எடுத்துக்கொள்வது, திரும்பவும் அதையே செய்வது. 1988-இல் பார்க், மில்லர் இருவரும் இதைக் குறைந்தபட்சத் தரமாக முன்மொழிந்தார்கள். 1-இல் தொடங்கினால் 16807, 282475249, அடுத்து படி 2-இல் குறித்து வைத்த 1622650073. நீங்களே நிரல் எழுதிப் பாருங்கள். பத்தாயிரமாவது எண் 1043618065 வந்தால் நிரல் சரி. வராவிட்டால், பைத்தான் அல்லாத மொழியில் எழுதியிருந்தால், பெரும்பாலும் பெருக்கல் 32 பிட்டைத் தாண்டிக் கவிழ்ந்திருக்கும், அங்கே தேடுங்கள். கடவுச்சொல், ஓடிபி போன்றவற்றுக்கு இந்த முறை கூடவே கூடாது. ஒரே ஒரு எண் தெரிந்தால் அடுத்து வருவதெல்லாம் தெரிந்துவிடும்.

படி 8: இந்த எண்ணிலிருந்து பிறக்கும் எண்கள்

தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூட்டலுக்குச் சமமான எண் நிறைவெண். 6 = 1 + 2 + 3. ஒவ்வொரு மெர்சென் பகா எண்ணுக்கும் ஒரு நிறைவெண் உண்டு. நம்முடையதை 2³⁰-ஆல் பெருக்குங்கள்: 2305843008139952128. பார்லோ சொன்னது இதைத்தான்.

இன்னொரு பிறவி நாள்காட்டியில். பல கணினிகள் 1970 தொடக்கத்திலிருந்து நொடிகளை எண்ணுகின்றன. 32 பிட்டில் எண்ணுபவற்றில் 2147483647-ஆவது நொடி, நம் நேரப்படி 2038 ஜனவரி 19, காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடி. அதற்குள் பழைய கருவிகளை மாற்ற வேண்டும்.

கடைசியாக, பெரியவன். 3, 7, 31, 127 ஆகியவை மெர்சென் பகா எண்கள். இவற்றை 2-க்குப் படியாக வைத்து 1-ஐக் கழித்தால் 7, 127, நம் ப, 2¹²⁷ − 1. நான்கும் பகா எண்கள். அப்படியானால் நம் ப-ஐயே படியாக வைத்தால்? கிடைக்கும் எண்ணுக்கு 64 கோடிக்கும் மேல் இலக்கங்கள். அது பகு எண். காரணி ஒன்று 295257526626031.

இதை நம்ப வேண்டாம், சோதியுங்கள். படி 3-இன் விதிப்படி, காரணியிலிருந்து 1-ஐக் கழித்தால் 2 × ப-ஆல் வகுபட வேண்டும். வகுபடுகிறது, ஈவு 68745. 8-ஆல் வகுத்தால் மீதி 7, அதுவும் சரி. பிறகு பவ்வுக்கு 2, 2147483647, 295257526626031 என்று கொடுங்கள். 64 கோடி இலக்கங்களை அது எழுதப்போவதில்லை. படி இரும முறையில் வெறும் 31 ஒன்றுகள் என்பதால், முப்பது முறை வர்க்கமாக்கி, ஒவ்வொரு முறையும் இரட்டித்து, மீதி எடுத்தால் வேலை முடிந்தது. பொறுமை இருந்தால் நோட்டிலேயே போடலாம். விடை 1.